ஒரு நாளைக்கு நூற்றுப்பத்து கையெழுத்து

மருத்துவமனையின் தரைத்தளத்துக்கும் கீழே சன்னல் இல்லாத நான்கு அறைகள் இருந்தன. முதல் அறையில் கழுவுவார்கள். இரண்டாவதில் எண்ணி அடுக்குவார்கள். மூன்றாவதில் கிருமி போக நீராவி மெஷினில் வேகவைப்பார்கள். நான்காவது, அலமாரி அறை. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ரத்தக்கறையோடு இறங்கி வரும் கத்தரி, கிளாம்ப், இடுக்கி எல்லாம் இந்த நான்கு அறைகளையும் ஒரே திசையில் கடந்து, துணி சுற்றிய ட்ரேக்களாக மறுபடி மேலே போகும். எதிர்த்திசையில் எதுவும் வரக்கூடாது. ஆட்களும்தான்.

அவரும் அந்தத் திசையில்தான் போனார். கழுவும் அறையில் பத்து வருடம், அடுக்கும் மேசையில் ஐந்து வருடம், அதன்பின் பதினொரு வருடம் பிரிவின் தலைவி. அலமாரி அறையை ஒட்டிக் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சிறிய அறை அவருக்கு. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு தொலைபேசி. இரண்டாவது நாற்காலியில் எப்போதும் கோப்புகள்தான் உட்கார்ந்திருந்தன.

முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அவர் ‘மேடம்’. முதுகுக்குப் பின்னால் ‘கையெழுத்தம்மா’. அந்தப் பெயரை வைத்தவர் இரண்டாம் ஷிப்ட் லீடர். சட்டைப்பையில் எந்நேரமும் திருப்புளியோடு அலைந்ததால் அவருக்கே ‘ஸ்க்ரூ’ என்றுதான் பெயர்.

“கையெழுத்தம்மா வர்றாங்க, வழி விடுங்க. காலைல டீக்கு பதிலா இங்க் குடிச்சுட்டு வந்திருக்காங்க” என்பார் ஸ்க்ரூ. முகக்கவசத்துக்குள் எல்லோரும் சிரிப்பார்கள். தலைவிக்கும் கேட்கும். கேட்காத மாதிரி கையுறை மாட்டிக்கொள்வார்.

பெயருக்குக் காரணம் இருந்தது. ஒவ்வொரு ட்ரேயோடும் ஒரு சீட்டு போகும். உள்ளே எத்தனை சாமான், யார் அடுக்கியது, என்றைக்கு என்று அதில் இருக்கும். அடுக்கியவர் ஒரு கையெழுத்து, ஷிப்ட் லீடர் ஒரு கையெழுத்து. முதலில் இந்த இரண்டுதான். மூன்றாவது கட்டம் அவர் சேர்த்தது. தலைவியான முதல் மாதமே ஒரு ட்ரே கத்தரி குறைந்து மேலே போய்விட்டது. அன்று மாலையே சொல்லிவிட்டார்: “இனிமே என் கையெழுத்து இல்லாம ஒரு ட்ரேயும் மெஷினுக்குள்ள போகக் கூடாது. ஒரு மாசத்துக்கு மட்டும்.”

அந்த ஒரு மாதம் பதினொரு வருடம் ஓடியது.

நாளொன்றுக்கு நூற்றுப்பத்து ட்ரே. ஒவ்வொன்றையும் விளக்குக் கண்ணாடியின் கீழ் வைத்து, கிளாம்பின் வாய் ஒழுங்காகச் சேருகிறதா என்று மூடித் திறந்து, பட்டியலோடு எண்ணி, பிறகுதான் கையெழுத்து. காலை ஆறரைக்கு வந்தால் இரவு ஷிப்ட் அடுக்கிவைத்த இருபது ட்ரேக்கள் அவருக்காக வரிசையில் காத்திருக்கும். மாலை ஏழரைக்கு அவர் கிளம்பிய பிறகு அடுக்கியவை மறுநாள் காலை வரை அப்படியே கிடக்கும். மெஷின் சும்மா நிற்கும். காலை முதல் ஆபரேஷனுக்கு ட்ரே வரவில்லை என்று மேலிருந்து தொலைபேசி அலறும். “இதோ வருது, இதோ வருது” என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போடுவார்.

மூச்சு விட நேரமில்லை என்பதை அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்ட காலமும் உண்டு. கடைசி ஒரு வருடத்தில் அந்தப் பெருமை போய்விட்டது. லிப்டுக்குள் ஏறி பொத்தானை அமுக்க மறந்து நிற்பார். வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தோம் என்று பார்த்துக்கொண்டிருப்பார். பதினேழு கிளாம்ப் உள்ள ட்ரேயை எண்ணினால் ஒருமுறை பதினாறு வரும், ஒருமுறை பதினெட்டு வரும். ஆள் இளைத்துவிட்டார். யாராவது கேட்டால், “வயசாகுதில்ல” என்பார். ஐம்பத்திரண்டு ஒரு வயதா?

கணவர் இறந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் வேறு ஊரில் ஒரு ஆலையில் அழுத்தமானிகளைச் சரிபார்க்கும் பொறியாளர். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசுவாள். பேச்சு பெரும்பாலும் நான்கு நிமிடம்.

ஏன் இத்தனையும் தன் தலையில் போட்டுக்கொண்டார் என்று கேட்டால், பிரிவில் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: யாரையும் நம்ப மாட்டார். அது பாதி உண்மை.

மீதிப் பாதி இது. தலைவியான முதல் நாள், எப்போதும்போல டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு உடைமாற்றும் அறைக்கு அடுத்த சின்ன அறைக்குப் போனார். பதினைந்து வருடம் அவர் சாப்பிட்ட மேசை அது. உள்ளே வெடிச்சிரிப்பு. அவர் கதவைத் திறந்ததும் சிரிப்பு நின்றது. ஒருத்தி எழுந்து நின்றாள். “உட்காருங்க மேடம்” என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். இன்னொருத்தி சாப்பாட்டை மூடிவைத்தாள். அவர் உட்கார்ந்தார். சாதாரணமாக ஏதோ கேட்டார். எல்லோரும் பதில் சொன்னார்கள். ‘ஆமாம் மேடம்’, ‘இல்ல மேடம்’. மறுநாளிலிருந்து தன் அறையில் சாப்பிட்டார், கோப்புகள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு எதிரே.

ஆனால் அடுக்கும் மேசையில் அப்படி இல்லை. அங்கே கைக்குத்தான் வேலை, வாய் பேசிக்கொண்டிருக்கலாம். பக்கத்தில் நின்று எண்ணும்போது யாரும் அவரை ‘மேடம்’ என்று நினைத்துக்கொண்டே இருக்க முடியாது. “குழந்தைக்கு ராத்திரி பூரா காய்ச்சல் மேடம்” என்று ஆரம்பிப்பார்கள். “மாமியார் வந்திருக்காங்க, மூணு நாளா வீட்ல ஒரே பட்டிமன்றம்.” ஒரு ட்ரேக்கு மூன்று நிமிடம். நூற்றுப்பத்து ட்ரேக்கு ஐந்தரை மணி நேரம். அவருக்கு வேறு பேச்சுத்துணை கிடையாது.

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தனக்கே சொல்லிக்கொண்டதும் இல்லை.

எண்ணிக்கை தப்பத் தொடங்கியதும் கண்தான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினார். கண் டாக்டரிடம் ஒரு வியாழக்கிழமை காலை நேரம் கிடைத்தது. பதினொரு வருடத்தில் முதல் அரை நாள் விடுப்பு. ஆனால் அன்று மேலே தியேட்டர் பட்டியல் நிரம்பி வழிந்தது. அவர் இல்லாமல் ட்ரே மெஷினுக்குள் போகக் கூடாது. மெஷின் நிற்கவும் கூடாது. என்ன செய்வது?

முதல் நாள் மாலை தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நாற்பது வெறும் சீட்டுகளின் மூன்றாம் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை கண் டாக்டரிடம் போகும் வழியில் ஷிப்ட் லீடரிடம் கொடுத்தார். அந்த லீடருக்குப் பெயர் வாயாடி. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே தொட்டியில் கைவிட்டுக் கழுவியவர்கள். ஒரு காலத்தில் ‘வாடி, போடி’. பதினொரு வருடமாக ‘மேடம்’.

“நாப்பது இருக்கு. மத்தியானம் வந்துடுவேன்” என்றார்.

வாயாடி சீட்டுக்கட்டை வாங்கிப் பார்த்தாள். அன்றைக்கு மட்டும் அவள் வாய் திறக்கவில்லை.

கண் டாக்டர் சொட்டுமருந்து விட்டார், விளக்கு அடித்தார், எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். கடைசியில் கேட்டார்: “தினம் எத்தனை மணி நேரம் தூங்கறீங்க?”

“தூக்கத்துக்கும் கண்ணுக்கும் என்ன டாக்டர்?”

“உங்க கண்ணு ரெண்டும் ஒழுங்கா இருக்கும்மா. கண்ணாடி நம்பர்கூட மாறல. ஆள்தான் சரியில்ல. பத்து நாள் லீவு போடுங்க.”

“பத்து நாளா!” என்று சிரித்துவிட்டு எழுந்தார்.

அவர் அங்கே எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்த ட்ரே அடுக்கப்பட்டது. மறுநாள் வெள்ளி காலை, வயிறு திறந்த நிலையில் ஒரு நோயாளி மேசையில் கிடக்க, தியேட்டர் நர்ஸ் கிளாம்புகளை எண்ணினாள். பதினேழு இருக்க வேண்டிய இடத்தில் பதினாறு. ஒன்று உள்ளேயே போய்விட்டதோ என்று தேடினார்கள். தரையில் தேடினார்கள். கடைசியில் ட்ரேயே குறைந்து வந்தது என்று தெரிந்து வேறு ட்ரே பிரித்தார்கள். பன்னிரண்டு நிமிடம் போயிற்று. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த ஐந்து நாளும் அவர் மேலே போய் வார்டு வாசலில் நின்று அந்த ஆளைப் பார்த்துவிட்டு வந்தார். உள்ளே போகவில்லை. போய் என்ன சொல்வது?

வெள்ளி மத்தியானமே மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவரைக் கூப்பிட்டனுப்பினார், அதட்டிப் பேசத் தெரியாத டாக்டர். அந்த ட்ரேயின் சீட்டை மேசைமேல் வைத்தார்.

“வியாழக்கிழமை எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தீங்கம்மா?”

“பன்னெண்டரைக்கு சார். அரை நாள் லீவு சொல்லியிருந்தேன்.”

“இந்த ட்ரே பத்தே காலுக்கு அடுக்கினது. மூணாவது கட்டத்துல யார் கையெழுத்து?”

அவர் சீட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

“என்னோடதுதான் சார். முன்னாடியே போட்டுக் குடுத்துட்டுப் போனேன்.”

“எத்தனை?”

“நாப்பது.”

கண்காணிப்பாளர் சீட்டைக் கவிழ்த்து வைத்தார். பிறகு சொன்னார்: “அடுக்கின பொண்ணக் கேட்டேன். லீடர் எண்ணுவாங்கன்னு விட்டேன்னு சொல்லுது. லீடர் என்னன்னா, மேடம் எண்ணுவாங்கன்னு. மேடம் கண் டாக்டர்கிட்ட. மூணு கையெழுத்து இருக்கு, எண்ணின ஆள் யாருமே இல்ல.”

“இனிமே இப்படி நடக்காது சார். நான் காலைல அஞ்சு மணிக்கே வந்துடறேன்.”

“அதைத்தான் வேணாங்கறேன். ஆறு வாரத்துல ரெண்டு புது தியேட்டர் திறக்குது. நூத்திப்பத்து நூத்தி எழுபதாகும். உங்க கை ரெண்டுதான். லீடருங்க பொறுப்புல கையெழுத்து நடக்கணும், நீங்க தலைவி வேலையைப் பார்க்கணும். அது முடியலைன்னா வெளியிலேர்ந்து ஆள் போடுவேன், உங்களை மூணாவது மாடி ஸ்டோருக்கு மாத்துவேன். எனக்கு அது பிடிக்கல. ஆனா செய்வேன்.”

“தலைவி வேலைன்னா என்ன சார்?”

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

“நீங்க செய்யற எல்லாத்தையும் எழுதுங்க. அதுல உங்களால மட்டும்தான் ஆகும்ங்கறதுக்கு மட்டும் வட்டம் போடுங்க. திங்கக்கிழமை காட்டுங்க.”

கீழே வந்ததும் வாயாடியை உடைமாற்றும் அறையில் பிடித்தார். வேறு யாரும் இல்லை.

“நீ எண்ணலையா?”

“இல்ல மேடம்.”

“இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஏன் எண்ணல?”

“உண்மையைச் சொல்லவா, மேடத்துக்குச் சொல்ற பதிலைச் சொல்லவா?”

“உண்மையைச் சொல்லு.”

“எண்ணி என்னடி ஆகப் போகுது? நான் பதினேழுன்னு சொன்னா நீ வந்து மறுபடி ஒண்ணு, ரெண்டுன்னு ஆரம்பிப்ப. பதினொரு வருஷத்துல ஒரு நாள் என் கணக்கை எடுத்துக்கிட்டியா? முதல்ல கோபம் வந்துச்சு. அப்புறம் நிம்மதியா இருந்துச்சு. எப்படியும் அவ எண்ணப் போறா, நமக்கென்ன? கை கையெழுத்துப் போடும், மனசு வீட்ல கிடக்கற துணியைப் பத்தி யோசிக்கும். அன்னைக்கு நீ இல்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கை பழக்கத்துல போட்டுடுச்சு. நாப்பது வெறும் சீட்டைக் குடுத்துட்டுப் போனியே, அதுக்குப் பதிலா ‘நீ பாத்துக்கடி’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நூறு தடவை எண்ணியிருப்பேன்டி!”

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயில் வந்த ‘டி’ அவளுக்கே கேட்டது. தலையில் போட்டிருந்த தொப்பியைச் சரிசெய்தாள்.

“மன்னிச்சுக்குங்க மேடம். வாய் தவறிடுச்சு.”

திட்டியது வலிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டதுதான் வலித்தது. நம்பாமல் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். பிறகு எதற்காக என்று அவள் கேட்டால்? உங்கள் பக்கத்தில் வந்து நிற்க எனக்கு வேறு சாக்கு இல்லை என்று ஒரு தலைவி எப்படிச் சொல்வார்? வாயை மூடிக்கொண்டு தன் அறைக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேசையில் உட்கார்ந்து பட்டியல் எழுதினார். நாற்பத்தொரு வரி வந்தது. ட்ரே எண்ணுவது, சீட்டு அச்சுக்குக் கொடுப்பது, கையுறை இருப்புப் பார்ப்பது, மெஷின்காரரைக் கூப்பிடுவது, லீவு எழுதுவது, உடைந்த கத்தரியை ஒதுக்குவது. பேனாவை எடுத்து வட்டம் போட்டார். நாற்பத்தொன்றுக்கும் போட்டார்.

மகள் தொலைபேசியில் வந்தபோது இதைச் சொன்னார். அவள் சிரித்தாள்.

“சிரிக்காதடி. வேலை போகப் போகுது எனக்கு.”

“சரி, சிரிக்கல. முதல் வரியைப் படி.”

“ட்ரே எண்ணுவது.”

“நீ இல்லைன்னா யாராலும் முடியாதா?”

“முடியும். ஆனா...”

“ஆனாவை அடி. அம்மா, எங்க ஆலைல ஒரு மீட்டரை மூணு பேர் பார்த்துக் கையெழுத்துப் போடுவாங்க. யாரோட மீட்டர்னு கேட்டா யாருக்கும் தெரியாது. ஒரு ஆள் பேர் எழுதி ஒட்டினோம். அன்னையிலேர்ந்து அந்த ஆள் வீட்டுக்குப் போறப்பக்கூட திரும்பிப் பார்த்துட்டுப் போறான். மூணு பேர் பார்த்தா மூணு மடங்கு சரியா இருக்கும்னு ஒண்ணும் இல்ல. அடுத்த வரி.”

அன்று பேச்சு நாற்பது நிமிடம் நீடித்தது. மகளுக்கு வேலை விஷயம் என்றால் பேச வரும். வட்டங்கள் ஒவ்வொன்றாக அழிந்தன. சில இடங்களில் அவர் சண்டை போட்டார். “கையுறை இருப்பை நான்தான் பார்க்கணும், ஸ்க்ரூகிட்ட விட்டா மறந்துடுவான்” என்றார். “ஒரு நாள் மறந்து, கையுறை இல்லாம எல்லார்கிட்டயும் திட்டு வாங்கட்டும், அப்புறம் மறக்க மாட்டார்” என்றாள் மகள். கடைசியில் மூன்று வட்டம் மிஞ்சியது. ட்ரே எண்ணும் வேலை அதில் இல்லை. அந்த வரியை மகள் அடிக்கச் சொன்னதும் அடித்துவிட்டார். ஆனால் அதன்பின் அவர் குரலே வரவில்லையே என்று மகள் கேட்டாள்.

“அம்மா? இருக்கியா?”

“இருக்கேன். பேனா எழுதல” என்றார்.

பேனா நன்றாகத்தான் எழுதியது என்று மகளுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

மிஞ்சிய மூன்றில் ஒன்று, தியேட்டரோடு பேசுவது. மேலேயிருந்து வரும் சாமான்களில் ரத்தம் காய்ந்து கெட்டியாகிப் போயிருக்கும். கழுவும் அறையில் பிரஷ் போட்டுத் தேய்த்துத் தேய்த்தே பாதி நேரம் போகும். எட்டு வருடமாக எல்லோரும் புலம்பினார்கள். ‘மேடம், மேல சொல்லக்கூடாதா?’ என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்தார்கள். அவருக்குத்தான் நேரம் இருந்ததில்லையே, கையெழுத்துப் போட வேண்டுமே.

திங்கட்கிழமை பட்டியலைக் கண்காணிப்பாளரிடம் காட்டிவிட்டு, நேரே தியேட்டரின் தலைமை நர்ஸ் முன்னால் போய் உட்கார்ந்தார். கையில் ரத்தம் காய்ந்து இறுகிய கத்தரி ஒன்று.

“என்ன, கத்தியோட வந்திருக்கீங்க?” என்றார் தலைமை நர்ஸ்.

“கத்தரிதான். திறங்க பார்க்கலாம்.”

அவர் முயன்றார். அது திறக்கவில்லை.

“இதைத் திறக்க எங்க பொண்ணுக்கு ஒன்பது நிமிஷம் ஆகுது. ஆபரேஷன் முடிஞ்சதும் உங்க ஆளுங்க ஈரத்துணி போட்டு மூடி அனுப்பினா ரெண்டு நிமிஷம். அந்த ஏழு நிமிஷம் மிச்சமானா, காலைல உங்களுக்கு ட்ரே லேட்டாகாது.”

“இதை ஏன் இத்தனை வருஷம் சொல்லல?”

அவர் கத்தரியை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஈரத்துணி மறுநாளே வந்துவிட்டது. எட்டு வருடப் புலம்பல், இருபது நிமிடப் பேச்சு.

இரண்டாவது வட்டம், லீடர்களைத் தயார்செய்வது. மேசைமேல் ஒரு ட்ரே வைப்பார். அதில் வேண்டுமென்றே ஒன்றைக் குறைத்திருப்பார், அல்லது வாய் சேராத கிளாம்பைப் போட்டிருப்பார். கண்டுபிடிக்க வேண்டும். வாயாடி முதல் நாள் வைத்த மூன்று ட்ரேயிலும் பிழையைப் பிடித்தாள். ஸ்க்ரூ மூன்றில் இரண்டு. நான்காம் நாள் ஸ்க்ரூ ஒரு ட்ரேயைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

“இப்ப நீங்க மேடம்.”

“எனக்கே பரீட்சையா?”

“ஏன், பாஸாக மாட்டீங்களா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். இருமுறை எண்ணினார். “எல்லாம் சரி” என்றார்.

ஸ்க்ரூ ஒரு இடுக்கியை எடுத்து விளக்கின் கீழ் காட்டினார். பிடியில் முடி மாதிரி ஒரு விரிசல்.

“எண்ணிக்கை சரிதான் மேடம். சாமான்தான் சரியில்ல.”

சிரிப்பு நின்றது. எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் அந்த இடுக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “என்னை இந்த மேசையிலேர்ந்து துரத்தறதுக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.”

வேடிக்கை என்று நினைத்து எல்லோரும் மறுபடி சிரித்தார்கள்.

மூன்றாவது வட்டம், பழைய மெஷினை மாற்றும் வேலை. அதற்குக் கடிதம், அளவு, விவரம் என்று உட்கார்ந்து எழுத வேண்டும். கண்ணாடிக் கதவுக்குள் உட்கார்ந்து எழுதினார். சீட்டிலிருந்து மூன்றாவது கட்டத்தை எடுத்துவிட்டார்கள். ஷிப்ட் லீடர் கையெழுத்துதான் கடைசி. அடுக்கும் மேசைக்குப் போக அவருக்கு இனி வேலை இல்லை. முதல் வாரம் ஏதோ கேட்கிற மாதிரி இரண்டுமுறை போனார். போனதும் வாயாடி எண்ணுவதை நிறுத்தி, “என்ன மேடம், ஏதாவது தப்பா?” என்று கேட்டாள். அவள் கையில் அப்போது பன்னிரண்டாவது கிளாம்ப் இருந்தது. திரும்ப ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. அதன்பின் அவர் போகவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா என்று தெரியவில்லை. மாமியார் ஊருக்குப் போனாரா என்பதும் தெரியவில்லை.

ஆறு வாரம் முடிந்தது. புதிய தியேட்டர்கள் திறந்த அன்று நூற்று அறுபத்தெட்டு ட்ரே. காலை முதல் ட்ரே ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே மேலே போய்விட்டது. ஒன்றிலும் குறை இல்லை. தொலைபேசி ஒருமுறைகூட அலறவில்லை. மத்தியானம் கண்காணிப்பாளரே கீழே இறங்கி வந்தார். கண்ணாடிக் கதவைத் திறந்து, இரண்டாவது நாற்காலியில் இருந்த கோப்புகளை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“வெளியாள் வேண்டாம்மா. பிரிவு உங்களோடதுதான்.”

“நன்றி சார்.”

“இப்ப உங்களுக்கு என்ன வேலை மிச்சம்?”

மேசையைப் பார்த்தார். மெஷின் கடிதம் போய்விட்டது. வேறொன்றும் இல்லை.

“ஒண்ணும் இல்ல சார்.”

“அப்ப வீட்டுக்குப் போங்க. மணி மூணரைதான். போங்க, நல்லா தூங்குங்க.”

உடைமாற்றிக்கொண்டு கிளம்பினார். அடுக்கும் அறையின் கண்ணாடி வழியே பார்த்தார். ஷிப்ட் மாறும் நேரம். வாயாடி எதையோ கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல, ஸ்க்ரூ மேசையைத் தட்டிச் சிரித்தார். யாரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. நல்ல அடையாளம்தான். தலைவி நிற்கிறாரா என்று ஆறு வாரத்துக்கு முன்பு நிமிடத்துக்கு ஒருமுறை திரும்புவார்கள்.

பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. வேலைநாளில் வெயில் இருக்கும்போது அவர் தன் தெருவுக்குள் நுழைந்து பல வருடம் ஆகியிருந்தது. எதிர்வீட்டு மாடியில் புதிதாக ஒரு அறை எழுப்பியிருந்தார்கள், பூச்சு வேலைகூட முடிந்திருந்தது. எப்போது கட்டினார்கள்? மூலைக்கடைக்காரர் அவரைப் பார்த்து, “உடம்பு சரியில்லையாம்மா?” என்று கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கேன்.”

“இந்நேரத்துல வர்றீங்களேன்னு கேட்டேன்.”

வீட்டுக்குள் மேற்குச் சன்னல் வழியாக வெயில் தரையில் நீளமாக விழுந்து, சோபாவின் ஒரு கை வெளுத்துப் போயிருந்தது தெரிந்தது. தினமும் இந்த நேரத்துக்கு இங்கே வெயில் அடிக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. டீ போட்டார். குடித்தார். டம்ளரைக் கழுவினார். படுத்தார். தூக்கம் வரவில்லை. எழுந்து மகளுக்குத் தொலைபேசினார்.

“அம்மா? என்ன, இந்நேரத்துல? ஏதாவது பிரச்சினையா?”

“ஒண்ணும் இல்லடி. எல்லாம் நல்லபடியா நடந்துச்சு. நூத்தி அறுபத்தெட்டு. ஒண்ணுகூட...”

“சூப்பர்மா! நான் ஒரு மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன், சரியா?”

“சரி, பாரு.”

மகள் அன்று கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிட்டாள். அப்போது அவர் இதைப் பற்றிப் பேசவில்லை. அதன்பின் அவர் உயிரோடு இருந்தது நான்கு வருடம். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை. அவர் சொல்லவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை.

ஐந்து மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. பாய்ந்து எடுத்தார். ஸ்க்ரூ.

“மேடம், தொந்தரவுக்கு மன்னிக்கணும். ரெண்டாவது மெஷின்ல இப்ப எடுத்த லோடு. உள்ள வெச்ச சோதனைத்தாள் முழுசா கறுக்கல. ஒரு ஓரத்துல வெளுப்பா இருக்கு, அங்க நீராவி எட்டல போல.”

“எவ்வளவு?”

“சுண்டுவிரல் நகம் அளவு. பன்னெண்டு ட்ரே மேடம். நாளைக்குக் காலைல முதல் கேஸோடதும் இதுலதான் இருக்கு.”

அவருக்கு அந்த மெஷினின் ஒவ்வொரு இருமலும் தெரியும். கதவு ரப்பராக இருக்கும், இல்லையென்றால் வடிகால் வலை. நேரில் பார்த்தால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். பேருந்தில் இருபத்தைந்து நிமிடம். ஆறு மணிக்குள் அங்கே இருக்கலாம். தொலைபேசியைக் காதில் வைத்தபடியே வாசலுக்கு வந்து ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தார்.

“நீ என்ன நினைக்கற?” என்றார்.

“நானா?”

“லீடர் நீதான்.”

“மொத்தத்தையும் பிரிச்சு, மறுபடி சுத்தி, முதல் மெஷின்ல போடணும். இதை மூடிட்டு மெஷின்காரரைக் கூப்பிடணும். ஆனா காலைல முதல் கேஸுக்கு லேட்டாகும். மேல கத்துவாங்க.”

“கத்தினா என்கிட்ட அனுப்பு. மெஷினை நிறுத்து.”

“சரி மேடம்.” குரலில் பாரம் இறங்கியது கேட்டது. “நீங்க வர்றீங்களா?”

வாசலுக்கு வெளியே தெருவில் வெயில் இன்னும் இருந்தது. பள்ளியிலிருந்து வரும் குழந்தைகளை யாரோ கைப்பிடித்துக் கூட்டிப் போனார்கள்.

“நான் எதுக்கு? நீங்க இருக்கீங்கல்ல.”

“அப்ப வெச்சிடறேன் மேடம். இங்க எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறாங்க. ஏய், வாங்கப்பா, பிரிக்க ஆரம்பிங்க...”

இணைப்பு துண்டிக்கப்படுவதற்கு முன் ஒரு நொடி, மேசைமேல் ட்ரேக்கள் இறங்கும் சத்தமும், யாரோ ஸ்க்ரூவைக் கேலி செய்வதும், பலபேர் சேர்ந்து சிரிப்பதும் கேட்டன. என்ன சொன்னார்கள் என்பது விளங்கவில்லை.

அவர் செருப்பைக் கழற்றி ஜோடியின் பக்கத்தில் வைத்தார். உள்ளே போய், வெயில் விழுந்த இடத்தில் சோபாவைத் தள்ளிப்போட்டு உட்கார்ந்தார். மணி ஐந்தே கால்கூட ஆகவில்லை.